‘குடும்பத்துடன் பார்க்கலாம்’ என்ற முத்திரை குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வார இதழில் ‘கடைசி வரிசை’ என்ற புனைபெயரில், பார்த்த படங்களைப் பற்றித் தோன்றியதை நாலு வரி எழுதிவருபவள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் வீட்டாரும், படியில் வழுக்கி விழுந்த அச்சகக்காரரின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். நானும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பொய் எழுதக் கூடாது என்பது நம் பக்கத்தின் கொள்கை.

விஷயம், நான் எழுதும் கருத்துகளுக்கு மேலே உங்கள் பக்க வடிவமைப்பாளர் குத்துகிற வட்ட முத்திரையைப் பற்றியது. அவர் படம் பார்ப்பதில்லை. நான் எழுதியதைப் படித்துவிட்டு எந்த முத்திரை என்று முடிவு செய்கிறார். போன இதழில் ஒரு படத்தைப் பற்றி நான் இப்படி எழுதியிருந்தேன்: “மகன் எங்கே போனாலும் அம்மா பின்னாலேயே வருகிறாள். அவன் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவன் தூங்கும்போது போர்வையை இழுத்துச் சரிசெய்கிறாள். காலமும் தூரமும் அவளைத் தடுக்கவில்லை. இவ்வளவு பாசத்தைத் திரையில் பார்த்து நாளாயிற்று.” அந்த அம்மா முதல் காட்சியிலேயே செத்துப்போனவள் என்பதை நான் எழுதவில்லை, கதையை உடைக்காதே என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு அவர் குத்திய முத்திரை, ‘குடும்பத்துடன் பார்க்கலாம்’.

அதே பக்கத்தில் இன்னொரு படம்: “ஒரே வீட்டில் பதினொரு பேர். வெளியே போக நினைக்கும் மருமகளை எல்லோரும் சுற்றி நின்று, சிரித்துக்கொண்டே, மறுபடி உள்ளே அழைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் அவளே கதவைச் சாத்துகிறாள். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.” இது நாலு பாட்டும் ஒரு சமாதானமும் உள்ள சாதுவான குடும்பப் படம். அதற்கு, ‘இதயம் பலவீனமானவர்கள் தவிர்க்கவும்’.

இதில் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். என் அப்பாவை உங்களுக்குத் தெரியாது.

அப்பா மருந்துக் கடையில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தச் சீட்டையும் இரண்டு தடவை படிக்காமல் எதையும் எடுக்க மாட்டார். அப்படிப்பட்டவர் ‘கடைசி வரிசை’ எழுதியதை மட்டும் ஒரு தடவை படித்ததும் நம்பிவிடுவார். அது நான்தான் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்டால் எதிர்வீடு வரை போய்விடும், அப்புறம் நான் நிம்மதியாக ஒரு படம் பார்க்க முடியாது, எல்லோரும் திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் நான் ஏதாவது படத்தை நன்றாக இருந்தது என்று வாய் தவறிச் சொன்னால் அப்பா செய்தித்தாளைக்கூடத் தாழ்த்தாமல் சொல்வார்: “உனக்கு என்னம்மா தெரியும்? கடைசி வரிசை என்ன சொல்றார்னு பார்ப்போம். பெரிய மனுஷன். எழுத்துல ஒரு நிதானம் தெரியுது. ஓய்வு பெற்ற பேராசிரியரா இருக்கணும், தலையில முடி இருக்காது.” நான் என் தலையைத் தடவிக்கொண்டு எழுந்து போய்விடுவேன்.

அக்கா பெட்டியோடு வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. அவளுடைய மாமியார் கெட்டவர் இல்லை. அவர் பாசத்துக்கு அந்த வீட்டில் இடம் போதவில்லை, அவ்வளவுதான். மகன் சாப்பிட்டு முடிக்கிற வரை எதிரே நாற்காலி போட்டு உட்காருவார். சோபாவில் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு சாண் இடம் தெரிந்தால் அது தனக்கு ஒதுக்கியது என்று நினைப்பார். அக்கா கேட்பது ஒன்றுதான், தனிவீடு. பக்கத்துத் தெருவானாலும் சரி. அத்தான் போனில் சரி என்பார், தன் அம்மா எதிரில் அவருக்கும் சரி என்பார். இரண்டு பக்கமும் ஆடுகிற அந்தத் தலை எப்படிக் கழுத்தில் நிற்கிறது என்று நான் வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடையில் சும்மா இருக்கும் நேரமெல்லாம் யோசித்திருக்கிறேன். இரண்டு தடவை பேச்சுவார்த்தை நடந்தது. இரண்டு தடவையும் காபி மட்டும்தான் தீர்ந்தது.

அப்போதுதான் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. “பேசினா சண்டை வருது. பேசாம ரெண்டரை மணி நேரம் பக்கத்துல பக்கத்துல உட்கார வைப்போம். எதிர்ல ஒரு நல்ல குடும்பப் படம் ஓடட்டும். மனசு இளகும்” என்று சொல்லி உங்கள் இதழை விரித்தார்.

அவர் விரல் எந்தப் படத்தின் மேல் நின்றது என்று நான் பார்த்துவிட்டேன். “அப்பா, அது பேய்ப் படம்ப்பா.”

“யார் சொன்னா?”

“கடைக்கு வர்றவங்க பேசிக்கிட்டாங்க.”

“கண்ணு தெரியலைன்னு கடைக்கு வர்றவங்க சொன்னதை நம்பறியா? கடைசி வரிசை எழுதியிருக்கார், படி. சத்தமாப் படி.”

படித்தேன். என் வாக்கியங்களை நானே, என் வீட்டுக் கூடத்தில் நின்று. “இதுல எங்கம்மா பேய்?” என்று கேட்டார். உண்மையிலேயே அதில் பேய் இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் உங்கள் சன்மானத்தில் வைத்துக்கொண்டேன். சமையலறையில் அக்காவிடம் மட்டும் எச்சரித்தேன். “பேயோ குடும்பமோ, எனக்கு ரொம்ப வித்தியாசம் தெரியாதுடி” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் துலக்கினாள். அம்மா முட்டிவலி என்று வரவில்லை. “நீங்க போய் அழுதுட்டு வாங்க, நான் இங்கயே அழுதுக்கறேன்.”

மதியக் காட்சி. அப்பா போன் செய்து அழைத்ததற்கு அத்தானும் சம்பந்தியம்மாவும் நேராகத் தியேட்டருக்கே வந்துவிட்டார்கள். அக்காவையும் அத்தானையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்க அப்பா கைகாட்டிக்கொண்டிருக்கும்போதே சம்பந்தியம்மா, “நடுவுலதான் ஏசி காத்து நல்லா வரும்” என்று வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டார். அக்கா, சம்பந்தியம்மா, அத்தான், அப்பா, கடைசியில் நான். முதல் காட்சியில் திரையில் அம்மா செத்ததும் சம்பந்தியம்மா கைக்குட்டையை எடுத்தார். அப்பா என் பக்கம் குனிந்து, “பார்த்தியா, இளகிடுச்சு” என்றார். அடுத்த காட்சியில் செத்த அம்மா திரும்பி வந்து, மருமகள் சமைத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தாள். அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன், சிரிக்கிறாள். அப்புறம் அந்தக் காட்சி. மகனும் மருமகளும் படுத்திருக்கிறார்கள், நடுவில் போர்வை மெதுவாக உயர்கிறது, விலக்கினால் அம்மா. தியேட்டரே அலறியது. எங்கள் அத்தான் சாதாரணமாகவே குக்கர் விசிலுக்குத் துள்ளுகிறவர், அவர் தன் அம்மாவைத் தாண்டிக் கையை நீட்டி அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். அந்த இரண்டு கைகளும் ரயில்வே கேட் மாதிரி சம்பந்தியம்மா மடிக்குக் குறுக்கே கிடந்தன. இடைவேளை வரை அந்த கேட் திறக்கவே இல்லை.

விளக்கு போட்டதும் சம்பந்தியம்மாதான் முதலில் பேசினார். “என்ன ஜென்மம் இது. பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, போய்ச் சேர வேண்டியதுதானே? அதுங்க நடுவுல வந்து உட்கார்ந்துக்கிட்டு.”

அத்தான் திரையில் ஓடிய பிளாஸ்டிக் குழாய் விளம்பரத்தை ஆழ்ந்து கவனித்தார். அக்கா தன் செருப்பைப் பார்த்தாள். “பாப்கார்ன் எடுத்துக்கோங்க சம்பந்தி” என்றார் அப்பா. சம்பந்தியம்மா பாப்கார்னுக்குக் கையை நீட்டியவர் அப்படியே நிறுத்தினார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், கடைசியாகத் தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். “எனக்குத் தலை வலிக்குது” என்று எழுந்து போய்விட்டார். அத்தான் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார், அக்காவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டு அம்மா பின்னால் ஓடினார்.

மீதிப் படத்தை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். அதில் மந்திரவாதி இல்லை, யாரும் பேயை ஓட்டுவதில்லை. கடைசியில் மகன், “நான் நல்லா இருக்கேன்மா. நீங்க கவலைப்படாமப் போங்க” என்று ஒரே ஒரு தடவை சொல்கிறான். அவள் போய்விடுகிறாள். எல்லோரும் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தபோது அக்கா மட்டும் அழுதுகொண்டிருந்தாள். “பேய்ப் படத்துலகூட பையன் வாயைத் திறக்கறான்” என்றாள். பஸ்ஸில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து போனும் இல்லை, ஆளும் இல்லை. அக்கா மடித்த துணியையே மறுபடி உதறி மடிக்கிறாள். அவள் வாழ்க்கை என் நாலு வரியில் சிக்கிக்கொண்டதாக எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடைவெளியில் யோசித்துப் பார்த்தேன். தப்பு, முத்திரை குத்தியவர் மேல் மட்டும் இல்லை. பேய்ப் படங்கள் எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பதில்லை. இருட்டறைக்குள் ஒருத்தி விளக்கைப் போடாமல் போனால் எனக்கு வருவது பயமில்லை, எரிச்சல், சுவிட்ச் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பேய்க்கு என்ன வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து கேட்டால் பாதிப் படம் இடைவேளைக்கு முன்பே முடிந்துவிடும். குடும்பப் படங்கள்தான் என்னை நடுங்க வைக்கின்றன. அதில் யாரும் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவதில்லை. எல்லோரும் எல்லாவற்றையும் மன்னிக்கிறார்கள், ஆனால் ஒருத்தரும் இடத்தை விட்டு நகர்வதில்லை. கெட்டவர் கடைசியில் திருந்தி அதே வீட்டில்தான் இருக்கப் போகிறார், அதைச் சுபம் என்று போடுகிறார்கள். இதையெல்லாம் நேராக எழுதத் தைரியம் இல்லாமல் சுற்றி வளைத்து எழுதினேன்.

ஆகவே கேட்டுக்கொள்வது. அடுத்த இதழில் கொட்டை எழுத்தில் ஒரு திருத்தம் போட வேண்டும். முத்திரைகளை வடிவமைப்பாளரிடமிருந்து வாங்கி உங்கள் மேஜையில் பூட்டி வைக்க வேண்டும். சம்பந்தியம்மாவைக் குத்திக்காட்ட யாரும் அழைத்துப் போகவில்லை, அது வெறும் அச்சுப்பிழை என்று அவருக்குத் தெரிய வேண்டும். ‘கடைசி வரிசை’ யார் என்று அப்பா கேட்டு எழுதினால் பதில் போட வேண்டாம். வழுக்கை என்று அவர் நினைத்தால் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் இதழ் நன்றாக விற்கட்டும். அச்சகக்காரர் படியைப் பார்த்து இறங்கட்டும். உங்கள் வீட்டில் எல்லோரும் விளக்கைப் போட்டுவிட்டே அறைக்குள் போகட்டும்.

இப்படிக்கு,
கடைசி வரிசை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அப்பா வந்து எதிரே உட்கார்ந்தார். “ஆசிரியருக்கா? திருத்தம் போடச் சொல்லியா எழுதறே? வேணாம்” என்றார். நான் உறையைக் கையால் மறைத்தேன். “நீ அம்மா பாசம்னு உருகி எழுதினா அது பேயாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியாதா? உன் எழுத்தை ஒண்ணுவிடாமப் படிக்கிறவன்மா நான். இருந்தாலும் சரிபார்க்காம மருந்து குடுக்கக் கூடாதுன்னு முதல் நாளே தனியாப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். பாதி நேரம் கண்ணை மூடிக்கிட்டேன். நம்ம வாயால சொன்னா அந்தம்மாவுக்குக் கோவம் வரும், பேய் சொன்னா கேட்டுக்குவாங்க.” அப்படியானால் பஸ்ஸில் ஏன் பேசவில்லை என்று கேட்டேன். “பயம்” என்றார். படத்தினாலா, அக்காவை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சம்பந்தியம்மா போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். “முடிவு என்னாச்சுன்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரலைம்மா. இவனைக் கூட்டிக்கிட்டு மறுபடி போனேன். வெளியில வந்ததும் நடுரோட்ல நின்னு, நான் நல்லா இருக்கேன்மா, தனியா வீடு பார்க்கறேன்னு சொல்றான். படத்துல வர்ற அதே வார்த்தை, கூட ஒண்ணு சொந்தமாச் சேர்த்திருக்கான். சரி, வீடு பாருங்க. நான் ஒண்ணும் அந்தப் பேய் மாதிரி இல்லைன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்.” அக்கா மூக்கை உறிஞ்சினாள். ஆகவே மேலே எழுதியதில் வணக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளுபடி செய்துவிடுங்கள். திருத்தம் வேண்டாம், முத்திரை வடிவமைப்பாளரிடமே இருக்கட்டும். அவசரமாக முடிக்கிறேன், போனில் சம்பந்தியம்மா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். புது வீட்டுச் சாவியில் ஒன்று தன்னிடம் இருக்க வேண்டுமாம், அத்தான் பக்கத்திலிருந்து “வேண்டாம்மா” என்று சொல்வது எங்களுக்கு நன்றாகக் கேட்கிறது.