குழாயில் மாட்டிய செய்வினை

மாட்டு ரத்தத்தில் செய்வினையைக் கண்ணுக்கு நேரே காட்டுகிறாராம் ஒருவர். செய்தி பரவியதும் அவர் தெருவில் மாட்டுக்கும் மனிதனுக்கும் நிற்க இடமில்லை. ஊர் அவருக்கு வைத்த பெயர் குழாய்ச்சாமி.

வித்தை எளிது. நோய் கண்ட மாட்டின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஓர் எந்திரத்தில் வைத்துச் சுற்றவிடுவார். நின்றதும் எடுத்தால் அடியில் சிவப்பு, மேலே மஞ்சள், நடுவே மெல்லிய வெள்ளை வளையம்.

"இதுதான் செய்வினை. சொந்தக்காரங்க வச்சது" என்பார். யாருக்குத்தான் சொந்தக்காரர்கள் இல்லை? பிறகு வளையத்தை உறிஞ்சித் தீயில் விடுவார். மாட்டின் உடம்பில் ஓடும் மிச்ச ரத்தத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

அதே ஊரில் ஓர் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். கால்நடை ஆய்வகத்தில் வேலை பார்த்த தங்கைக்கு இந்தக் கூத்து வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. அவள் அக்காவின் மாடு நாலு நாளாய்க் காய்ச்சலில் படுத்திருந்தது. அக்கா டாக்டரைக் கூப்பிடவில்லை. ஓரகத்தியோடு பேச்சை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

"அவதான்டி வச்சிருக்கா. வளையத்தை என் கண்ணால பார்த்தேன்."

"அந்த வளையத்தைத் தினமும் பிரிச்சு எடுக்கறதுதான்க்கா என் வேலையே. நோயோட சண்டை போடற வெள்ளை அணு அது. எல்லா மாட்டுக்கும் இருக்கும்."

"படிச்சவ நீ, எதையாவது சொல்லுவ."

தங்கை அக்காவை இழுத்துக்கொண்டு நேரே குழாய்ச்சாமி வீட்டுக்குப் போனாள். கொட்டிலில் அவருடைய பசு பளபளவென்று நின்றது.

"ஐயா, இந்த மாட்டுக்குச் செய்வினை உண்டா?"

"என் மாட்டுக்கா? கிட்ட நெருங்காதும்மா."

"அப்போ வளையம் இல்லாத ரத்தம் எப்படி இருக்கும்னு ஒரு தடவை காட்டுங்களேன்."

"ஆமாங்கய்யா, காட்டுங்க" என்றது கூட்டம், பக்தியோடுதான்.

குழாய்ச்சாமிக்கு வியர்த்தது. "அதுக்கு ஊசி ஆகாது."

"எங்க மாட்டுக்கு மட்டும் ஆகுமாக்கும்" என்றார் ஒரு பால்காரர்.

கூட்டம் விடவில்லை. தங்கையே ரத்தம் எடுத்தாள். எந்திரம் சுற்றி நின்றது. குழாயில் வளையம், அக்கா மாட்டின் வளையத்தைவிடத் தடியாக.

பால்காரர் கவலையோடு கேட்டார்: "ஐயாவுக்கே யாரு வச்சிருப்பாங்க? வீட்டம்மாவா?"

வாசலில் நின்ற வீட்டம்மாவுக்குச் சுருக்கென்றது. "என்னை ஏன் இழுக்கறீங்க? எந்த மாட்டு ரத்தத்தைச் சுத்தினாலும் அது வரும்னு இவரேதான் சொன்னாரு."

குழாய்ச்சாமி கொல்லைப்பக்கமாக நழுவினார். அன்று மாலையே டாக்டர் வந்து அக்காவின் மாட்டைப் பார்த்து, உண்ணிக் காய்ச்சல் என்று ஊசி போட்டார். மூன்றாம் நாள் மாடு எழுந்து தீவனத்தில் வாய் வைத்தது. அக்கா அசட்டுச் சிரிப்போடு ஓரகத்தி வீட்டுக் கதவைத் தட்டினாள். ஓரகத்தி ஜன்னல் வழியே கொஞ்சநேரம் முறைத்துவிட்டுத்தான் திறந்தாள்.

வளையத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் சில நூறு பேர். நல்ல மாட்டின் ரத்தத்தையும் காட்டு என்று கேட்க ஓர் ஆள் வர ஆறு மாதம் ஆனது. அதிசயம் பார்க்கப் போகும்போது கண்ணை மட்டும் கொண்டுபோகாதீர்கள். மூளைக்கும் கொஞ்சம் வெளிக்காற்று படட்டும்.