கறைக்கு மூன்று கொட்டேஷன்

"சோபாவை நகர்த்திப் போட்டாலும் தெரியுதுங்க" என்றாள் மனைவி.

"காலண்டரை மாட்டிடு."

"அந்தக் குட்டிக் காலண்டரை மாட்டித்தானே இத்தனை நாள் மறைச்சோம்? இப்ப அது காலண்டருக்கு வெளியே வந்து எட்டிப் பாக்குது. இதைவிடப் பெரிய காலண்டர் வேணும்னா உங்க சப்ளையருங்க யாராவது கொடுத்தாத்தான் உண்டு. அதை நீங்க வாங்க மாட்டீங்க."

வாங்க மாட்டார்தான். ஆபீஸில் அவருக்கு 'மூணு கொட்டேஷன்' என்று பெயர். பர்ச்சேஸ் பிரிவில் இருபத்திரண்டு வருடம். பல் தேய்க்கும் பிரஷ் வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேட்டு, குறைந்த விலைக் கடையில் வாங்கி, மற்ற இரண்டு கடைக்கும் வருத்தம் தெரிவித்துவிட்டு வருகிற ஆள். சப்ளையர் ஒருவர் மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போன பேனாவைக் கூரியரில் திருப்பி அனுப்பியவர். கூரியர் செலவு பேனாவின் விலையைவிட அதிகம். அதையும் தன் கைக்காசிலிருந்துதான் கொடுத்தார்.

ஹால் சுவரில் இருந்த கறை ஓர் உள்ளங்கை அளவுதான். ஆறு வருடமாக வீட்டில் ஒருவரைப்போல இருந்து வந்தது. ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை எம்.டி. வீட்டுக்கு வருகிறார். ஆபீஸ் வராந்தாவில் நிறுத்தி, "ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பீங்களா? ஒரு டீ சாப்பிட வரேன்" என்றார். அவ்வளவுதான். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பர்ச்சேஸ் மேனேஜர் நாற்காலி இரண்டு மாதமாகக் காலி. பழைய மேனேஜர் 'சொந்தக் காரணங்களுக்காக' விலகிவிட்டார். அந்தக் காரணங்கள் மொத்தம் எத்தனை என்று ஆடிட்டர் இன்னும் எண்ணி முடிக்கவில்லை. வரிசையில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் மூணு கொட்டேஷன். இன்னொருவர் ஸ்டோர்ஸ் பிரிவுக்காரர். எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்பார், எதுவும் ஆகாது. அதனால் அவர் பெயரே ஆகட்டும். அவர் வீட்டுக்கு எம்.டி. சனிக்கிழமை போகிறார்.

"மேனேஜர் ஆனா மாசம் பதினைஞ்சாயிரம் கூடும்" என்றார் மூணு கொட்டேஷன். "ரிடையர் ஆறதுக்கு முன்னாடி இதுதான் கடைசி பஸ். இந்தக் கறையைப் பாத்துட்டு, வீட்டையே ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவன் டிபார்ட்மென்ட்டை எப்படி வச்சுப்பான்னு நினைச்சிட்டா?"

"பெயின்ட் அடிச்சா ஞாயித்துக்கிழமைவரைக்கும் நாத்தம் போகாது. வால்பேப்பர் ஒட்டிடலாம். ஒரே நாள் வேலையாம்" என்றாள் மனைவி.

திங்கட்கிழமையே மூன்று கொட்டேஷன் வந்துவிட்டன.

முதலில் வந்தது டை கட்டிய ஒரு கம்பெனிக்காரர். பதினான்கு அடிக்குப் பத்தடி சுவரைச் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் கருவியால் அளந்தார். கறையைத் தட்டிப் பார்த்தார். "சுவர் வேலை, பேப்பர், ஒட்டற கூலி எல்லாம் சேர்த்து இருபத்தாறாயிரம் சார். என்ன பிரச்சினை வந்தாலும் எங்க பொறுப்பு."

"இருபத்தாறாயிரமா? சுவத்தை ஒட்டறீங்களா, சுவத்தை விக்கறீங்களா?"

டை கட்டியவர் சிரித்துவிட்டுப் போனார். போகும்போது, வேறு யாரிடமாவது கொடுத்தாலும் ஒரே ஆளிடம் கொடுங்கள் என்று ஒரு யோசனையும் சொன்னார். காசு வாங்காமல் சொன்னதால் அதை யாரும் மதிக்கவில்லை.

அடுத்து வந்தவர்கள் சுவருக்குப் பட்டி பார்க்கும் கொத்தனாரும், பேப்பர் கடைக்காரரும். இருவரும் முழு வேலைக்கும் விலை சொன்னார்கள். மூணு கொட்டேஷன் மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டார். ஆபீஸில் இருபத்திரண்டு வருடமாகப் போடும் கோடு. எந்தெந்த வேலைக்கு யார் குறைவோ, அந்தந்த வேலை அவருக்கு. சுரண்டிப் பட்டி பார்க்க நாலாயிரம், அது கொத்தனாருக்கு. ரோல் இரண்டாயிரத்து ஐநூறு, அது கடைக்காரருக்கு. ஒட்டும் கூலிக்கு இருவருமே அதிகம் சொன்னதால், போனில் நாலாவதாக ஒருவரைப் பிடித்தார். சதுர அடிக்குப் பன்னிரண்டு.

"சுவர் நூத்தி நாப்பது சதுர அடி. ஒரு ரோல் அம்பத்தேழு. மூணு ரோல் வாங்கினா மிச்சமே வரும்" என்று பெருக்கிக் கூட்டினார். "மொத்தம் பதிமூவாயிரத்து நூத்தி எம்பது. சரி பாதியா அடிச்சிட்டேன் பாரு."

"யாரை?" என்றாள் மனைவி.

செவ்வாய்க்கிழமை கொத்தனார் சுரண்டினார். கறை உள்ளங்கையிலிருந்து தட்டு அளவானது. தட்டிலிருந்து குடை அளவானது. பிறகு சுவரே ஒரு பெருமூச்சு விட்டதுபோல் பூச்சு மொத்தமாகக் கழன்று சோபாவில் உட்கார்ந்தது.

"இது சுவர் இல்ல சார், ஸ்பாஞ்சு" என்றார் கொத்தனார். "பின்னாடி பாத்ரூம் குழாய் கசியுது. குழாய்க்காரரைக் கூப்பிடுங்க. அதுக்கப்புறம் நான் மறுபடி பூசணும். அது தனி. ஒம்பதாயிரம் ஆகும்."

"கொட்டேஷன்ல அது இல்லையே?"

"கொட்டேஷன்ல சுரண்டறதுதான் சார் இருக்கு. சுரண்டிட்டேன்."

ஒரு பர்ச்சேஸ்காரனை அவன் பாஷையிலேயே மடக்கினால் அவன் என்ன செய்வான்? கொடுத்தார். குழாய்க்காரருக்கு ஆறாயிரத்து ஐநூறு கொடுத்தார். பூச்சு காய நாலைந்து நாள் வேண்டும் என்றார்கள். நாள் இல்லாததால் கல்யாண மண்டபத்தில் வைக்கிற மாதிரி இரண்டு ராட்சச மின்விசிறிகளை வாடகைக்கு எடுத்துச் சுவருக்கு விசிறினார். ஆறு வருடமாக அந்த வீட்டில் மனிதர்களுக்குக் கிடைக்காத காற்று அது.

வெள்ளிக்கிழமை ஒட்டுபவர் வந்தார். கடைக்காரர் கொடுத்த பேப்பரில் பெரிய பெரிய வெள்ளைக் கொக்குகள் சாம்பல் வானத்தில் பறந்துகொண்டிருந்தன. ஒட்டுபவர் ரோலைப் பிரித்ததும் முகம் சுளித்தார்.

"மூணு ரோலா? அஞ்சு வேணும் சார்."

"நூத்தி நாப்பதை அம்பத்தேழால வகுத்தா..."

"நீங்க வகுப்பீங்க சார். கொக்கு வகுபடாது. இந்தத் துண்டுல தலை வந்தா, பக்கத்துத் துண்டுல அதே உயரத்துல உடம்பு வரணும். அதுக்காக ஒவ்வொரு துண்டுலயும் ஒண்ணரை அடி வெட்டிப் போடணும். ஒரு ரோலுக்கு ரெண்டு துண்டுதான் தேறும். உங்க சுவத்துக்கு ஒம்பது துண்டு."

"தலை கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன? யாரு கிட்டப் போய்ப் பாக்கப் போறாங்க?"

ஒட்டுபவர் இரண்டு துண்டுகளை வெட்டாமல் சுவரில் பிடித்துக் காட்டினார். ஒரு கொக்குக்கு இரண்டு கழுத்து. பக்கத்துக் கொக்குக்குத் தலையே இல்லை, ஆனாலும் பறந்துகொண்டிருந்தது. மனைவி பார்த்துவிட்டு, "உங்க ஆபீஸ் மாதிரியே இருக்கு" என்றாள்.

கடைக்கு ஓடினார். அதே கொக்கு ரோல் இன்னும் நிறைய இருந்தது. ஆனால் வேறு சரக்கு. இந்த வானம் சாம்பல், அந்த வானம் சற்று நீலம். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் பாதிச் சுவருக்கு மழை வரும்போல இருக்கும்.

"பழைய மூணையும் எடுத்துக்கிட்டு ஒரே சரக்கா அஞ்சு கொடுங்க."

கடைக்காரர் தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது. ஐந்து புது ரோல், பன்னிரண்டாயிரத்து ஐநூறு. பஸ்ஸில் கூட்டமாக இருந்ததால் கொக்குகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே வந்தார். ஸ்கூட்டர் வாங்க மூன்று வருடமாகச் சேர்த்த பணம் அன்றைக்குத்தான் கரைய ஆரம்பித்தது என்பதால், இனிமேலும் பஸ்தான் என்று அவருக்கே தெரிந்தது. நெஞ்சு வலித்தது. கொக்குகளை அழுத்திப் பிடித்ததால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

டிசைன் சேர்த்து ஒட்டினால் சதுர அடிக்குப் பன்னிரண்டு இல்லை, இருபத்தைந்து என்றார் ஒட்டுபவர். இதற்கும் பேரம் பேச மூணு கொட்டேஷனிடம் தெம்பு இல்லை.

ஒட்டி முடித்ததும் இருவரும் பின்னால் தள்ளிப் போய் நின்று சுவரைப் பார்த்தார்கள். அவ்வளவு அழகு. கொக்குகள் ஜன்னல் பக்கமாகப் பறந்து போய்க்கொண்டிருந்தன. ஒரு நிமிடம் அவருக்குச் செலவு மறந்தேபோனது.

"மத்த மூணு சுவரைப் பாருங்க" என்றாள் மனைவி.

பார்த்தார். நேற்றுவரை சாதாரணமாக இருந்த சுவர்கள் இன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவைபோல நின்றன. புதுச் சட்டைக்குக் கீழே கிழிந்த பேன்ட்.

"இப்படியே விட்டா, ஒரு சுவத்தை மட்டும் அவருக்காக ஒட்டினோம்னு அப்பட்டமாத் தெரியும்" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். அந்த வாரம் முழுக்க எல்லோரும் நியாயமாகத்தான் பேசினார்கள். அதனால்தான் செலவு அதிகமானது. மிச்சமிருந்த மூன்று ரோல் பக்கத்துச் சுவருக்குப் போனது. மற்ற இரண்டு சுவருக்கும் நாற்றமே வராத பெயின்ட், நாற்றம் பிடித்த விலையில். பெயின்ட்டுக்குப் பொருந்தாத திரைச்சீலைகள் போய், பொருந்துகிற திரைச்சீலைகள் வந்தன. சனிக்கிழமை மாலை கூட்டிப் பார்த்தார். அறுபத்திரண்டாயிரம்.

"நாலு மாசம். கூடற சம்பளத்துல நாலே மாசத்துல கிட்டத்தட்ட வந்துடும்" என்றார், யாரும் கேட்காமலே.

அப்போது ஆகட்டும் போன் செய்தார். குரலில் அழுகை.

"எம்.டி. வந்துட்டுப் போயிட்டாரு. மானமே போச்சுப்பா. மேல் தளத்துலேர்ந்து தண்ணி ஒழுகுது, கீழ வாளி வச்சிருந்தேன். நல்ல நாற்காலிகூட இல்ல, பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்கார வச்சேன். ரெண்டு மணி நேரம் உக்காந்து அந்த வாளியையே பாத்துக்கிட்டிருந்தாரு."

"கவலைப்படாதே, எல்லாம் நல்லதே நடக்கும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் மூணு கொட்டேஷன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை சரியாக நாலு மணிக்கு எம்.டி. வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். கொக்குகளைப் பார்த்தார். திரைச்சீலையைப் பார்த்தார். சோபாவில் உட்கார்ந்து, டீயை ஒரு வாய் குடித்தார்.

"மத்த சுவரும் புதுசா?"

"எல்லாமே புதுசுதான் சார்."

"எவ்வளவு ஆச்சு?"

மூணு கொட்டேஷன் மனசுக்குள் கணக்குப் போட்டார். பதிமூன்றாயிரத்தில் ஆரம்பித்து அறுபத்திரண்டாயிரத்தில் முடித்தேன் என்று பர்ச்சேஸ் மேனேஜர் ஆகப்போகிறவன் சொல்லலாமா? நாற்காலி அந்த நிமிடமே போய்விடாதா?

"பெருசா ஒண்ணும் ஆகல சார்" என்றார். "எல்லாம் தெரிஞ்ச ஆளுங்கதான். இத்தனை வருஷமா பர்ச்சேஸ்ல இருக்கேன், ஒரு போன் போட்டா வந்து முடிச்சுக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க."

புருஷனின் பெருமையை அவரே அரைகுறையாகச் சொல்வது மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இவர் கேட்டா யாரும் காசே வாங்க மாட்டாங்க சார். இவருதான் வற்புறுத்திக் கையில திணிப்பாரு" என்றாள்.

எம்.டி. கோப்பையைக் கீழே வைத்தார். "அப்படியா" என்றார். பிறகு எழுந்து, ஒரு கொக்கின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வணக்கம் சொல்லிப் புறப்பட்டார். வந்து எட்டு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"டீ பிடிக்கலையோ? பாதி அப்படியே இருக்கு" என்றாள் மனைவி.

"பெரிய ஆளுங்க அப்படித்தான். எட்டு நிமிஷத்துல முடிவெடுத்துடுவாங்க. சுவத்தைத் தடவிப் பாத்தாரு, கவனிச்சியா? அசந்துட்டாரு."

வாசல் மணி அடித்தது. எம்.டி.யின் டிரைவர். ஐயா கண்ணாடிக் கூட்டை சோபாவில் விட்டுவிட்டாராம். எடுத்துக் கொடுத்த மூணு கொட்டேஷன், வாசல்வரை கூடவே போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்ப்பா, கார்ல எம்.டி. என்னைப் பத்தி ஏதாவது பேசினாரா?"

டிரைவர் ஒன்பது துண்டுக் கொக்குகளையும் ஒரு தடவை ஏக்கத்தோடு பார்த்தார்.

"வரும்போது பேசினாரு சார்: 'நேத்து அந்த வாளியைப் பாத்ததுமே அவரு கை சுத்தம்னு தெரிஞ்சு போச்சு, ஆனா இவருதான் சீனியர், இவர் வீட்டுச் சுவத்துலயும் ஒரு கறை இருந்துட்டாப் போதும், இவருக்கே கொடுத்துடலாம்'னு."