யாரும் திறக்காத பாடம்

புவியியல் ஆசிரியர் கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பள்ளியின் இணைய வகுப்புப் பக்கத்தில், 'ஆறுகளும் அணைகளும்' பாடத்துக்குக் கீழே அதே வரிதான் நின்றது: திறந்து பார்த்த மாணவர்கள் – 0.

"தெரியாம கை பட்டாவது ஒருத்தன் திறக்கக்கூடாதா?" என்று முனகினார்.

மதியத்துக்குள் பாதி வகுப்பாவது பாடத்தைத் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்தாம் வகுப்பை வேறு ஆசிரியரிடம் கொடுத்துவிடுவேன் என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லியிருந்தார். நேற்றுவரை பிள்ளைகள் இடைவேளையிலேயே பாடத்தைத் திறந்துவிடுவார்கள். படிக்கிறார்களோ இல்லையோ, கீழே கேலிப் படமாவது போடுவார்கள். இன்று அதுவும் இல்லை.

பயிற்சி வகுப்பில் கொடுத்த 'ஆசிரியர்களுக்கான நடைமுறைக் குறிப்புகள்' தாள் திரையோரத்தில் ஒட்டியிருந்தது. முதல் குறிப்பு, அன்பாக நினைவூட்டுங்கள் என்றது.

'செல்லங்களே, பாடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று தட்டி அனுப்பினார்.

அறையில் உர்ர்ரென்று ஒரு சத்தம் கேட்டது.

"சார், என்னமோ உறுமுதே?" என்றார் பக்கத்து மேசை ஓவிய ஆசிரியை.

"ஃபேன் டீச்சர். அதுவும் என்னை மாதிரி ஓஞ்சு போச்சு."

பூஜ்யம் அசையவில்லை. அடுத்த குறிப்பு, கெடு வையுங்கள் என்றது. வைத்தார். அவசரத்தில் நேற்றைய தேதியை அழுத்திவிட்டார். இணைய வகுப்புக்குத் தாட்சண்யம் ஏது? கெடு தாண்டிவிட்டதென்று வகுப்பு மொத்தத்துக்கும் பூஜ்யம் போட்டு, பெற்றோருக்கும் தகவல் சொல்லிவிட்டது.

அலுவலக எழுத்தர் எட்டிப் பார்த்தார். "சார், ஒரு அம்மா லைன்ல சத்தம் போடறாங்க. 'என் பொண்ணு இப்பத்தானே ஸ்கூலுக்கு வந்தா, அதுக்குள்ள எப்படி முட்டை வாங்கினா?'ன்னு கேக்கறாங்க."

"தேதி மாறிடுச்சுன்னு சொல்லுங்க சார், சரி பண்ணிடறேன்."

"சீக்கிரம் பண்ணுங்க. இன்னும் ரெண்டு பேர் காத்திருக்காங்க."

பதறிப்போய்க் கெடுவை அழித்தார். கெடு போகவில்லை, பாடம் போய்விட்டது. ராத்தூக்கம் கெட்டு வரைந்த வரைபடங்கள், ஆறுகள், அணைகள் எல்லாம் ஒரே அழுத்தில் காணாமல் போயின. பூஜ்யங்கள் மட்டும் பத்திரமாக இருந்தன.

'பாடத்தைக் காணவில்லை. யாராவது சேமித்து வைத்திருந்தால் உடனே அனுப்பவும்' என்று பிள்ளைகளுக்குச் செய்தி போட்டார். உர்ர்ர். 'கோபமா? என்ன தப்பு செய்தேன்?' என்று இன்னொன்று போட்டார். உர்ர்ர். பதில் மட்டும் வரவேயில்லை.

"ஃபேனை வேணா நிறுத்திடட்டுமா சார்?" என்றார் ஓவிய ஆசிரியை.

"என்னையே நிறுத்தப் போறாங்க, ஃபேன் என்ன டீச்சர்!"

மேசையில் கவிழ்ந்துகொண்டார். சட்டைப் பையில் காலையிலிருந்து கிடந்த ஏதோ ஒரு சாவி நெஞ்சில் குத்தியது. அதை எடுத்துப் போடக்கூட மனம் வரவில்லை. இத்தனை வருடம் தொண்டை வற்றக் கத்தியதெல்லாம் வீண். வகுப்பில் சிரித்த முகங்கள் எல்லாமே வேஷம். ஒரே ஒரு பிள்ளைக்குக்கூடத் தன்மேல் பிரியம் இல்லை என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

தலைமையாசிரியை வந்து நின்றார். "ஒருத்தர்கூடவா சார் திறக்கல?"

"இல்ல மேடம். பசங்களுக்கு என்னைப் பிடிக்கல. பத்தாவதை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு மேடம்? அதான் பூஜ்யமே சொல்லுதே."

"நீங்களே சொன்னதால எனக்குச் சங்கடம் மிச்சம்" என்றவர், அங்கேயே நின்றபடி வரலாற்று ஆசிரியருக்கு போன் போட்டு வகுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

புவியியல் ஆசிரியர் கணினியை அணைத்தார். உலக உருண்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்.

ஓவிய ஆசிரியை கூப்பிட்டார். "சார், போறதுக்கு முன்னாடி அந்த பீரோ சாவியைக் குடுத்துட்டுப் போங்க. புது ரூல்னு காலைல உங்க வகுப்புப் பசங்ககிட்ட வாங்கிப் பூட்டினீங்களே, அந்த போனெல்லாம்தான் உள்ள உறுமிக்கிட்டே இருக்கு போல!"