என் கைத்தடி ரப்பரும் மருமகனின் டீசல் தொட்டியும்

ஓய்வு பெற்ற பொறியாளரையும் அடுத்தவருடைய வண்டியையும் ஒரே வீட்டில் விட்டுவைக்கக் கூடாது. நீர் விநியோகத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பல ஊர்களுடைய குழாய்த் தண்ணீர் என் கையெழுத்தைத் தாண்டித்தான் ஓடியது (அவ்வப்போது நின்றும் போனது). அதனால் குழாய்க்குள் எது ஓடினாலும் அது எனக்குத் தெரிந்த விஷயம் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அந்த நினைப்பு ஒரு கல்லறைத் திருநாளைக் கெடுத்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மருமகன் அந்தோணி ஈப்போவில் செடிப் பண்ணை வைத்திருக்கிறார். அவருடைய அப்பாவின் கல்லறை சுங்காய்க்கு உள்ளே ஒரு பழைய கித்தாத் தோட்டத்தில் இருக்கிறது. கித்தா மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டுவிட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் இடித்தாகிவிட்டது. மிஞ்சியிருப்பவை கல்லறைகள் மட்டும்தான். நிலத்தை வாங்கிய கம்பெனி கல்லறைத் திருநாள் காலையில் மட்டும் கேட்டைத் திறந்துவிடும். சாமியார் வந்து கல்லறைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். மதியத்துக்குள் அவர் கிளம்பிவிடுவார், காவலாளி கேட்டைப் பூட்டிவிடுவார். அவ்வளவுதான், இனி அடுத்த வருடம்.

முந்தைய வருடம் அந்தோணியின் காரால் அந்தச் சேற்றுப் பாதையில் ஏற முடியவில்லை. அவருடைய தாயார் சவரியம்மாளுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்ததால் நடந்து போகவும் வழியில்லை. பாதை தொடங்குகிற இடத்தில் நின்று தூரத்திலிருந்தே சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். அன்றைக்கே அந்தோணி ஒரு பழைய பிக்கப் தேட ஆரம்பித்தார். வாங்கிய வண்டியை உயர்த்தி, பெரிய சக்கரம் மாட்டி, அம்மா ஏறுவதற்குப் படி வைத்தார். அடியில் துருப்பிடித்துக் கிடந்த டீசல் தொட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, பின்தட்டில் புதிதாக ஒரு தகரத் தொட்டி செய்து வைத்தார். தொட்டிக்குள் காற்று போவதற்கு ஒரு குழாய். வெள்ளத் தண்ணீர் ஏறிவிடக் கூடாது என்று அதை வண்டியின் கூரை உயரத்துக்குக் கொண்டுபோய், மழை விழாதபடி நுனியைக் கீழ்நோக்கி வளைத்திருந்தார். எல்லாம் அவர் கைவேலை. நல்ல வேலை என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லவில்லை.

திருநாளுக்கு முதல் நாள் மாலை, வண்டி என் வீட்டு வாசலில் நின்றது. நான் சுற்றி வந்து பரிசோதித்தேன் (யாரும் கேட்கவில்லை). வளைந்த குழாயின் வாய் திறந்திருப்பதைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் குளவிகள் எந்த ஓட்டையைக் கண்டாலும் மண் வைத்து அடைத்துவிடும். குளவி அடைத்தால் தொட்டிக்குக் காற்று போகாது, காற்று போகாவிட்டால் டீசல் வராது. இவ்வளவும் சரியாக யோசித்தேன். யோசித்துவிட்டு, குளவி அடைத்துவிடாமல் இருக்க, என் கைத்தடியின் நுனியில் இருந்த ரப்பரைக் கழற்றி அந்த வாயில் மாட்டி நானே அடைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மறுநாள் கேட்டருகே போகும்வரை எனக்குத்தான் உறைக்கவில்லை, உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

காலையில் எல்லோரும் வந்தார்கள். பின்தட்டில் தொட்டிக்குப் பக்கத்தில் கோணிப்பையில் சுற்றிய புதிய கருங்கல் சிலுவை இருந்தது. சவரியம்மாள் வெள்ளைச் சேலையில், மடியில் பூக்கூடையோடு முன்னால் உட்கார்ந்தார். நானும் என் மகள் சாரதாவும் பின்சீட்டு. நான் வாசலைக் கடந்தபோதே சம்பந்தி கவனித்துவிட்டார்.

“என்னா சம்பந்தி, தடி டொக்கு டொக்குங்குது. ரப்பர் எங்க போச்சி?”

“ஒரு நல்ல காரியத்துக்குக் குடுத்திட்டன்.”

“ரப்பரக்கூடவா தானம் பண்ணுவாங்க? யாழ்ப்பாணத்து ஆளுங்க வழக்கமாம்மா இது?” என்று சாரதாவைக் கேட்டார்.

கம்பார் வரை வண்டி அழகாக ஓடியது. பிறகு திணறியது. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, சாலையோரத்தில் நின்றுவிட்டது.

அந்தோணி இறங்கினார். நானும் இறங்கினேன். டீசல் இருக்கிறதா என்று பார்க்கத் தொட்டியின் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம்.

“மாமா, காத்த உள்ள இழுக்குற மாதிரி இருக்கு.”

“இழுக்கேல்ல தம்பி, தள்ளுது. வெயிலுக்கு ஆவி கட்டியிருக்கு.”

“இன்னும் வெயிலே வரல மாமா.”

“எஞ்சின் சூடு.”

எஞ்சின் முன்னால், தொட்டி பின்னால். மூடியருகே கையை வைத்திருந்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்திருக்கும். நான் வைக்கவில்லை. தொட்டியின் பக்கவாட்டில் தகரம் குழிந்திருந்ததைத் தடியால் தட்டிக் காட்டி, “தகரம் மெல்லிசு, அதான் நெளிஞ்சிருக்கு” என்றேன்.

“நேத்து இப்படி இல்லையே” என்றார் அவர்.

டீசல் வடிகட்டியை மாற்றச் சொன்னேன். கையில் இருந்த புதியதை மாட்டி, கையாலேயே பம்ப் அடித்து, முடுக்கினார். வண்டி உடனே கிளம்பியது. மூடியைத் திறந்ததால் காற்று போய் அது கிளம்பியது, வடிகட்டியால் அல்ல. நான் சீட்டில் சாய்ந்துகொண்டு, அழுக்கு வடிகட்டிகளைப் பற்றி தாப்பா வரை பேசினேன். சாரதா காதில் ஏதோ மாட்டிக்கொண்டாள்.

தாப்பா தாண்டியதும் மறுபடி அதே திணறல், அதே புஸ். இந்த முறை பம்ப் மேல் பழியைப் போட்டேன். தொட்டியை வைத்த இடம் தவறு, டீசல் குழாய் நீளம், வளைவுகள் அதிகம், டீசலுக்கு அந்த ஏற்றம் தாங்காது என்று மண்ணில் தடி நுனியால் படம் வரைந்து விளக்கினேன். (ரப்பர் இல்லாத தடி படம் வரைய மிகவும் வசதி.) பழுது இருக்கக்கூடிய எல்லா இடங்களையும் யோசித்தேன், என்னைத் தவிர.

“நேரமாவுதுடா அந்தோணி” என்றார் சவரியம்மாள். பூக்கூடையை மடியை விட்டு இறக்கவே இல்லை. “சாமியார் போயிடுவாரு.”

“தோ, ஆயிருச்சிமா.”

“போன வருசமும் இதத்தான் சொன்ன.”

அந்தோணி காற்றுக் குழாய் முழுவதையும் கையால் தடவிக்கொண்டே போனார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மேலே வளைவு வரை போயிருப்பார். அதற்குள் நான் வாயைத் திறந்தேன்.

“பாதியில விட்ட படிப்பு, தம்பி. எல்லாம் பாதி பாதியாத்தான் வரும்.”

அவர் கை நின்றது. போய் வண்டியில் ஏறினார். சாரதா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பாலிடெக்னிக்கில் அவர் படிப்பை ஏன் பாதியில் விட்டார் என்பது எனக்குத் தெரியும். அப்பா இறந்துபோனார், வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளில்லை. அந்த அப்பாவுக்கான சிலுவைதான் பின்னால் கோணிப்பையில் இருந்தது. நான் சொன்னது அவருடைய மனைவிக்கும் கேட்டது, தாயாருக்கும் கேட்டது.

தோட்டத்துக்குள் நுழைந்தோம். செம்பனை வரிசைகளுக்கு நடுவே சேற்றுப் பாதை. பெரிய சக்கரங்கள் அதில் அலுங்காமல் போயின. அவர் செய்த வேலையில் குறை ஒன்றும் இல்லை. கேட் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி மறுபடியும் நின்றது.

நான்தான் முதலில் இறங்கினேன். தடி சேற்றில் புதைந்து நான் சாய்ந்தேன். விழாமல் இருக்க வண்டியின் கூரையை எட்டிப் பிடித்தேன். என் மூக்குக்கு நேரே, வளைந்த குழாயின் வாயில், என் ரப்பர்.

நான் வேலையில் இருந்த காலத்தில், ஒரு தோட்டத்தின் தண்ணீர்த் தொட்டி உள்வாங்கி நசுங்கிப்போனது. சாயம் பூச வந்தவர்கள் காற்றுக் குழாயைச் சாக்கால் சுற்றிவிட்டார்கள். அதன் பிறகு எல்லாத் தொட்டிகளிலும் ஓர் அறிவிப்புப் பலகை மாட்ட ஏற்பாடு செய்தேன். “காற்றுக் குழாயை அடைக்காதீர்.” தமிழ் வாசகம் நான் எழுதியது.

ரப்பரைப் பிடுங்கினேன். நீளமாக ஓர் உறிஞ்சல். அதைத் தொடர்ந்து, குழிந்திருந்த தகரம் ‘டொங்’ என்று கோயில் மணி மாதிரி நிமிர்ந்தது. உள்ளேயிருந்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரப்பர் அதற்குள் என் சட்டைப் பைக்குப் போய்விட்டது.

“இப்ப அடிச்சுப் பாருங்கோ” என்றேன். வண்டி கிளம்பியது. “என்னா செஞ்சீங்க மாமா?” என்றார் அந்தோணி. உண்மையான மரியாதையோடு கேட்டார். அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

“அனுபவம்” என்றேன்.

“படிச்ச மனுசன் படிச்ச மனுசந்தான்லா” என்றார் சம்பந்தி. நான் அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

கேட்டைத் தாண்டியபோது சாமியாரை ஏற்றிக்கொண்டு கம்பெனி ஜீப் எதிர்ப்பக்கப் பாதையில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு இன்னொரு தோட்டம் இருந்தது. காவலாளி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சீக்கிரம் என்று சைகை காட்டினார். அதற்கு மேல் வண்டி போகாது. சவரியம்மாள் இறங்கி, மகனும் மருமகளும் ஆளுக்கொரு கை பிடிக்க, சேற்றில் நடந்தார். அந்தோணி பிறகு திரும்பி வந்து சிலுவையைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

நான் பின்னால் போனேன். ஒவ்வோர் அடிக்கும் தடி முழங்கால் ஆழம் இறங்கியது. பிடுங்கி, ஊன்றி, பிடுங்கி, பாதி வழியில் மூச்சு முட்டியது. வேறு வழியில்லாமல் ஒரு செம்பனைக்குப் பின்னால் ஒதுங்கி ரப்பரைத் தடியில் மாட்டிக்கொண்டேன்.

கல்லறையின் தலைமாட்டில் சிலுவையை நட்டு மண்ணை மிதித்து இறுக்கினார் அந்தோணி. சம்பந்தி பூவைத் தூவினார். தூவிக்கொண்டே நான் வந்த பாதையைப் பார்த்தார்.

“சம்பந்தி, அந்த மரம் வரைக்கும் ஓட்ட சின்னதா, ஆழமா இருக்கு. மரத்துக்கு இந்தப் பக்கம் பெருசா, வட்டமா இருக்கு.”

எல்லோரும் பார்த்தார்கள். சேறு ஒன்றையும் மறைக்கவில்லை.

“தானம் பண்ண ரப்பர் எப்படித் திரும்பி வந்துச்சி?”

கல்லறைக்கு முன்னால் நின்றுகொண்டு பொய் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொன்னேன். குளவியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது இன்னும் கேவலமாகிக்கொண்டே போனது. சாரதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு.

அந்தோணி சிரிக்கவில்லை. கையில் இருந்த மண்ணைத் தட்டினார்.

“மாமா, வண்டி நின்னது பரவால்ல. அந்தப் பேச்சு மட்டும் வேணாம். அப்பா முன்னாடி சொல்றேன்.”

“நான் சொன்னது பிழை தம்பி. வேலை முழுசா இருந்தது. அதை நான்தான் பாதியாக்கினன்.”

அதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதியும் எனக்கு அன்று இல்லை.

சவரியம்மாள் பூக்கூடையின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் போத்தலை எடுத்தார். ஈப்போ கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம்.

“சாமியாரு போயிட்டாரு. யாரு போக வச்சாங்களோ அவங்களே தெளிக்கட்டும். இந்தாங்க சம்பந்தி. தண்ணி விடுறதுதான உங்க வேல.”

“நான் வேற சமயம், சம்பந்தி.”

“அவருக்குத் தெரியும். ஊத்துங்க.”

நெற்றியில் திருநீறோடு நான் தீர்த்தம் தெளித்தேன். அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. அவருடைய மகனைப் பற்றி நான் சொன்னதை அவர் கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு தெளித்தேன். “இன்னும் கொஞ்சம், காலு பக்கம்” என்று சம்பந்தி சொல்லச் சொல்ல, போத்தல் தீரும்வரை தெளித்தேன். காவலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

இப்போது ஒவ்வொரு வருடமும் அது என் வேலை. அந்தோணி குழாய் நுனியில் மெல்லிய கம்பிவலை கட்டிவிட்டார், குளவிக்காக (மாமாவுக்காக என்றும் வீட்டில் சொல்கிறார்கள்). வீட்டில் மின்விசிறியோ கைப்பேசியோ எது நின்றாலும் முதலில் என் தடியைத்தான் பார்க்கிறார்கள்.

போன வாரம் எங்கள் வீட்டில் தண்ணீர் வரவில்லை. ஊர் முழுக்கவே வரவில்லை, முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். சம்பந்தி போன் செய்தார்.

“தடியில ரப்பர் இருக்கா பாருங்க, சம்பந்தி.”

எழுந்து போய்ப் பார்த்தேன். இருந்தது.