மாமனாரின் நாலு எஞ்சின் விமானம்

இறக்கை கையோடு வந்துவிட்டது.

மாப்பிள்ளை ஒன்றும் முரட்டுத்தனமாகத் தூக்கவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து, தூங்கும் குழந்தையை எடுப்பதுபோல இரண்டு கையாலும் ஏந்தித்தான் இறக்கினார். ஆனாலும் வலது கையில் விமானம் இருந்தது, இடது கையில் இறக்கை இருந்தது. நடுவில், அதுவரை பசை என்ற பெயரில் ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் தூள் தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு இறக்கையை அதன் இடத்தில் பொருத்திப் பார்த்தார். நின்றது. கையை எடுத்தார். விழுந்தது. விழுந்த வேகத்தில் ஒரு காற்றாடி கழன்று சோபாவுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டது.

அது வெறும் பிளாஸ்டிக் மாடலாக இருந்திருந்தால் பரவாயில்லை. அது மாமனாருடையது.

மாமனார், வண்டி ஓட்ட உரிமம் கேட்டு வருகிறவர்களுக்குத் தேர்வு வைக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் முதல் தடவையிலேயே தேறியவர் என்று யாரையும் காட்ட முடியாது. மாப்பிள்ளையும் தேறவில்லை. கல்யாணத்துக்கு முன்பு, யாரென்று தெரியாமலே அவர் எதிரில் வண்டியைப் பின்னால் எடுத்து ஒரு கம்பத்தைச் சாய்த்திருந்தார். பிறகு அதே மனிதரின் மூத்த மகளைக் கேட்டுப் போய் நின்றபோது, மாமனார் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "ஓ, அந்தக் கம்பம் நீங்கதானா?" என்றார்.

கல்யாணத்தன்று விமானத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்தபோது சொன்னதும் அந்தக் குரலில்தான். "இது என் கையால செஞ்சது. பொண்ணு தன்னைத் தானே பாத்துக்குவா. இதைப் பாத்துக்கத்தான் ஆள் வேணும்."

இப்போது இளைய மகளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வரப்போகிற சகலை நிஜ விமானங்களுக்கு எஞ்சின் பார்க்கும் வேலையில் இருந்தார். நேற்று மாமனார் போன் செய்ததாக மனைவி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். விமானத்தைப் பார்ப்பாராம். ஒழுங்காக இருந்தால் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் சின்ன மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம் என்றாராம். இதைச் சொல்லிவிட்டு, "தூசி மட்டும் தட்டி வைங்க, வேற எதுவும் செய்யாதீங்க" என்று அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

நாலு எஞ்சின் பயணிகள் விமானம். வெள்ளை உடம்பு, நீலக் கோடு, வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பயணியை மாமனார் வரைந்திருந்தார். ஒருத்தி தொப்பி போட்டிருந்தாள். ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சில சாயங்காலங்களில் மாப்பிள்ளை அவர்களையே பார்த்துக்கொண்டு, எங்கே போகிறார்கள், யார் அவர்களைக் கூப்பிட வந்து காத்திருப்பார்கள் என்று யோசிப்பதுண்டு. இப்போது ஒரு இறக்கை போன விமானத்திலும் அந்தப் பயணி பேப்பர் படித்துக்கொண்டுதான் இருந்தார்.

செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து, அதில் விமானத்தையும் இறக்கையையும் தேடியெடுத்த காற்றாடியையும் படுக்கவைத்து, மாப்பிள்ளை தன் பட்டறைக்கு எடுத்துப் போனார்.

அவர் தொழில் பல்செட் செய்வது. பல் மருத்துவர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள், அவர் ஈறும் பல்லுமாகச் செய்து திருப்பி அனுப்புவார். ஈறு செய்ய ஒரு பவுடரும் ஒரு திரவமும் உண்டு. இரண்டையும் குழைத்தால் மாவு மாதிரி வரும், கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகிவிடும். அந்த ஈறு வைத்துக் கடித்து எலும்பை உடைத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு இறக்கையைத் தாங்காதா?

குழைத்தார். தடவினார். இறக்கையை அழுத்திப் பிடித்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது விமானம் தோளைத் தொங்கப்போட்டிருந்தது.

பல்லை ஒன்றும் செய்யாத அந்தத் திரவம் இந்தப் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்று அவருக்குத் தெரியாது. இறக்கை மெழுகுபோல இளகிக்கொண்டிருந்தது. ஓரத்து எஞ்சின் மெல்ல மெல்ல உள்ளே அமிழ்ந்தது. ஒரு கப்பல் மூழ்குவதைக் கரையிலிருந்து பார்ப்பவர்போல அவர் வாயைத் திறந்தபடி பார்த்தார். கடைசியில் காற்றாடியின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. இறக்கை சேர்ந்த இடத்தில் அழகான ரோஸ் நிற ஈறு ஒன்று முளைத்திருந்தது.

மறுநாள் பெட்டியோடு மாடல் விமானங்கள் விற்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கும் குரலில் எப்படி நடந்தது என்று கேட்டார்.

"நடுவுல ரோஸ் கலர்ல என்னங்க அது?"

"ஈறு."

கடைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு தடித்த விமானப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இப்படி உருண்டை மூக்கும் இவ்வளவு ஒல்லியான வாலும் உள்ள பயணிகள் விமானம் எதுவும் அதில் இல்லையே என்று இழுத்தார். மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. என் மாமனார் தப்பாகச் செய்கிறவர் இல்லை, புத்தகத்தில்தான் விட்டுப்போயிருக்கும் என்றார்.

"சரி, விடுங்க. ஆனா கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க தொழில்ல அந்த வார்த்தையே கிடையாது. வேற வகையா மாத்திட்டோம்னுதான் சொல்லுவோம்."

"மாத்துறதுன்னா?"

"இந்தப் பக்கம் ஓரத்து எஞ்சின் போயிடுச்சுல்ல? அந்தப் பக்கம் ஓரத்து எஞ்சினையும் எடுத்துடுங்க. ரெண்டு எஞ்சின் விமானம். இப்படி ஒண்ணு ஒரு காலத்துல எங்கயாவது பறந்திருக்கும். இல்லைன்னு யாரால நிரூபிக்க முடியும்?"

மாப்பிள்ளைக்குக் கண்ணீர் வராத குறை. இவ்வளவு கருணையான ஒரு தொழில் உலகத்தில் இருப்பது தெரியாமல் இத்தனை நாள் பல் செய்துகொண்டிருந்துவிட்டோமே என்று நினைத்தார். சரியான பசையையும் வாங்கிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினார்.

நல்ல இறக்கையிலிருந்து நல்ல எஞ்சினை அறுக்க மனசே வரவில்லை. ஆனால் அறுத்துத் தேய்த்த பிறகு பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. பெயின்ட்தான் திட்டுத் திட்டாக நின்றது. முழுவதையும் துடைத்துவிட்டுப் புதிதாக அடிப்பதே முறை என்று, பல்செட்டில் மெழுகுக் கறை எடுக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து ஒரு முறை துடைத்தார்.

பெயின்ட் போயிற்று. நீலக் கோடு போயிற்று. ஜன்னல்கள் எல்லாம் பால் ஊற்றியதுபோல வெளுத்துப்போயின. தொப்பிக்காரியைக் காணோம். பேப்பர் படித்தவரைக் காணோம். விமானத்தில் ஒரு ஆள் மிச்சமில்லை.

மாப்பிள்ளை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தானே எல்லோரையும் கைப்பிடித்துக் கீழே தள்ளியதுபோல இருந்தது. கடைக்காரருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். கடைக்காரர், ஜன்னலை அடைத்துவிட்டால் அது சரக்கு விமானம் என்றார்.

ஜன்னல்களை அடைத்தார். இனி மிச்சம் அந்தத் தொங்கும் தோள்தான். மெழுகு வளைந்தால் வெந்நீரில் காட்டி நிமிர்த்துவது அவருக்குப் பழகிய வேலை. பட்டறையின் வெந்நீர்த் தொட்டியில் விமானத்தை இறக்கி, தோளைப் பிடித்து நிமிர்த்தினார். நிமிர்ந்தது. முதல் தடவையாக ஒன்று சொன்னபடி கேட்டது. மகிழ்ச்சியோடு வெளியே எடுத்தார். சக்கரங்களைத் தாங்கிய மெல்லிய கால்கள் மூன்றும், குளிரில் செத்த பூச்சியின் கால்களைப்போல வயிற்றுக்குள் சுருண்டிருந்தன.

இந்த முறை கடைக்காரரைக் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கே தொழில் பிடிபட்டிருந்தது. சக்கரம் இல்லாத விமானம் எங்கே இறங்கும்? தண்ணீரில் இறங்கும். இரண்டு மிதவைகளை மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, ஈறு செய்யும் பொருளிலேயே வார்த்தார். இரண்டு படகுகள் ரோஸ் நிறத்தில், பளபளவென்று வந்தன. கடைப் பசையால் ஒட்டினார். கையிலிருந்தது பல்லுக்குச் சாயம் ஏற்றும் நிறங்கள்தான். அதைக் குழைத்து அடித்ததில் விமானம் முழுவதும் காபி அதிகம் குடிக்கும் நடுத்தர வயதுக்காரரின் பல் நிறத்துக்கு வந்தது. மெருகேற்றும் சக்கரத்தில் லேசாகக் காட்டினார். சிரிப்பதுபோல மின்னியது.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி அதை அலமாரியில் பார்த்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட மறந்து நின்றாள்.

"இது என்ன?"

"அப்பாவோட விமானம்."

"எங்க அப்பாவோடது சக்கரத்துல நின்னுச்சு."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஈறு, எஞ்சின், ஜன்னல், வெந்நீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், தொப்பிக்காரியும் போய்விட்டாளா என்று மட்டும் கேட்டாள். போய்விட்டாள் என்றார். சின்ன வயசில் அதுதான் தன் அம்மா என்று நினைத்துக்கொண்டிருந்ததாக அவள் சொன்னாள்.

"உங்களைத் தூசிதானே தட்டச் சொன்னேன்?" என்றாள் கடைசியில்.

"அதான் தட்டினேன்."

அலமாரி விளக்கின் பல்பைக் கழற்றிவிடலாமா என்று அவர் கேட்டார். இருட்டில் வண்டி ஓட்டுபவர்களையே பெயிலாக்கியவர் அப்பா என்று அவள் நினைவூட்டினாள். விமானத்தின் முன்னால் ஒரு பூச்சாடியை மட்டும் நகர்த்தி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்துவிட்டு நேராக அலமாரிக்குப் போனார். பின்னால் மாமியார் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, மகளைக் கட்டிக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். மாமியார் அதிகம் பேசமாட்டார். கணவர் பேசி முடிப்பதற்காகவே கல்யாண நாளிலிருந்து காத்திருப்பவர்போல இருப்பார்.

மாமனார் பூச்சாடியை நகர்த்தினார்.

அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு நெடுநேரம் அசையவில்லை. பிறகு அவர் இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். தேர்வுக்கு வந்த வண்டியைச் சுற்றிப் பார்க்கும் அதே நடை.

"எஞ்சின் எத்தனை?"

"ரெண்டு, மாமா."

"கொடுக்கும்போது?"

"நாலு."

"ஜன்னல்?"

"இது இப்போ சரக்கு விமானம், மாமா."

"அடியில?"

"தண்ணியிலயும் இறங்கும்."

தண்ணீர் டம்ளரோடு வந்த மனைவி, அந்தப் பதிலைக் கேட்டு நடுவழியில் நின்றுவிட்டாள். மாமனார் விரலால் மிதவையைத் தொட்டுப் பார்த்தார். அந்த நிறம் எங்கேயோ பார்த்ததாக இருக்கிறதே என்றார். மாப்பிள்ளைக்குப் பொய் வரவில்லை. உங்கள் வாயில்தான் மாமா, மேல்வரிசை, போன வருஷம் நான்தான் செய்தேன் என்றார்.

மாமனாரின் வாய் பட்டென்று மூடிக்கொண்டது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ரத்தமே இல்லாததுபோல முகம் வெளுத்திருந்தது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத் தயாராக நின்ற மாப்பிள்ளைக்கு, கோபம் வராததுதான் அதிகப் பயமாக இருந்தது. மாமா, தூசி தட்டத்தான் எடுத்தேன் என்று தொடங்கி, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தார். கடைசியில், சின்ன மாப்பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள், அவருக்குத்தான் எஞ்சினைப் பற்றித் தெரியும் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அலமாரியில் அந்த இடம் காலியாக இருப்பதை அவரால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"விமானம் போனா போகுது. அது வெறும் பிளாஸ்டிக்கு. பொறுப்புன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதைச் சொல்றேன். ஒரு மனுஷன் நம்பி ஒரு பொருளைக் கையில கொடுக்கிறான். வாங்கினவன் என்ன செய்யணும்? எப்படி வாங்கினானோ அப்படியே வெச்சிருக்கணும். முடியலையா, கொண்டுவந்து உண்மையைச் சொல்லணும். அதை விட்டுட்டு, உடைச்சதை மறைக்க வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிச்சு, வேற ஒண்ணா மாத்தி, 'இது இப்படித்தான்'னு அலமாரியில வெச்சுட்டு நிக்கிறவனை நான் என்னன்னு சொல்ல?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மனைவி டம்ளரை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

மாமியார் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கணவரைப் பார்த்தார்.

"ஏங்க, எங்க அப்பா இதை உங்க கையில கொடுத்தப்ப, இது ஹெலிகாப்டர்."