குடை போட்ட படகு

நீச்சல் தெரிந்தவன் எவனும் படகு கட்ட ஆசைப்படுவதில்லை. எனக்குச் சுத்தமாக நீச்சல் தெரியாது.

எழுபதுகளின் கடைசி. நெய்வேலிச் சுரங்கத்தில் பம்பு செக்‌ஷனில் வேலை. ஊறுகிற தண்ணீரை இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இதைக் கல்யாணப் பந்தியில் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். சேத்தியாத்தோப்புப் பக்கம், வெள்ளாற்றங்கரை விவசாயியான மாமனார் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஓகோ. தண்ணியக் கண்டா ஆவாத மாப்ளன்னு சொல்லுங்க."

பந்தியே சிரித்தது. (பக்கத்திலிருந்த புது மனைவி செல்வி கொஞ்சம் கூடுதலாகவே.) தலை தீபாவளிக்கு என் கையால் செய்த படகில் மாமாவை ஏற்றி ஆற்றைக் கடப்பேன் என்று, வாயில் ரசம் சாதத்தோடு சபதம் செய்தேன்.

எனக்குத் தச்சு வேலை வரும். அதுவரை ஒரு முக்காலியும் ஓர் ஊஞ்சல் பலகையும் செய்திருந்தேன். சுரங்கத்துக்கு இயந்திரங்கள் வந்திறங்கிய மரப்பெட்டிகளின் பலகைகளை ஏலத்தில் எடுத்தேன். ஷிப்ட் முடிந்தால் குவார்ட்டர்ஸ் பின்வாசலில் இழைப்புளியும் கையுமாக நான்கு மாதம். ஒரு பலகையில் கறுப்பு மையில் அழகான குடைப் படம் இருந்தது. அதை இழைத்தெடுக்க மனம் வரவில்லை. லட்சணமாக இருக்கட்டுமென்று படகின் முன்பக்கம் வைத்தேன். ஆணி அடிப்பது அரைகுறைத் தச்சனின் வேலை என்பது என் கொள்கை. எனவே மரமுளையும் வஜ்ரப் பசையும் மட்டும். (நல்ல பசை. தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் அப்படியே குழைந்து வரும்.) மேலே மூன்று கை பிரெஞ்சு பாலிஷ். அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம், நான் வாரினேன்.

தீபாவளியன்று மாமனார் புது வேட்டியோடு ஏறி உட்கார்ந்தார். செல்வி கரையில் நின்றாள். நடு ஆறு வரை பிரமாதம்.

"மாப்ள, வேட்டி நனையுது."

"அலை தெறிக்குதுங்க மாமா."

"அடியிலேர்ந்தா?"

வஜ்ரம் தண்ணீரில் இளகும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். பலகைகள் சண்டை சச்சரவு இல்லாமல் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தன. நான் தண்ணீரில் விழுந்து, "ஐயோ, காப்பாத்துங்க!" என்று அலறினேன்.

"எழுந்து நில்லுங்க மாப்ள."

நின்றேன். இடுப்பளவு தண்ணீர்.

கரையிலிருந்து செல்வி குரல் கொடுத்தாள்: "ஏங்க, பம்பு எடுத்தாரட்டுமா?"

மாமனார் மிதந்து வந்த ஒரு பலகையைப் பிடித்து நிதானமாகத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கொடை எங்கூட்டு யூரியா மூட்டையிலயும் இருக்குது மாப்ள. நனைய வுடாதன்னு அர்த்தம். அத நீங்க ஆத்துல வுட்டுட்டீங்களே."

அடுத்த தீபாவளிச் சீர்த்தட்டில் வேட்டி, இனிப்போடு ஒரு குடையும் வந்தது. அதற்கடுத்த ஆண்டும் வந்தது. அவர் காலத்துக்குப் பிறகு மச்சான் நிறுத்துவான் என்று நம்பினேன். அவன் மடக்குக் குடைக்கு மாறினான், அவ்வளவுதான்.

இன்றைக்கும் நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கக் கிளம்பினால், செல்வி அடுப்படியிலிருந்து தலையை நீட்டுவாள்:

"கொடைய எடுத்துக்கினீங்களா?"