இடுக்கியாரும் பூண்டுப் பேயும்

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கார் கொட்டகையில் இடுக்கியார் பேய் ஓட்டுகிறார் என்று செய்தி பரவியதுதான் தாமதம், வரிசைக்கு வால் முளைத்துவிட்டது. பேருந்துக்கு நிற்பவர் யார், பேய்க்கு நிற்பவர் யார் என்று ஓட்டுநருக்கே குழப்பம். வேலைக்குக் கிளம்பிய ஒருவர் வரிசை மாறி நின்று, இல்லாத பேயை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினார். உடம்பு லேசாகிவிட்டதாம்! சட்டைப்பை லேசானால் உடம்பும் லேசாகத்தானே இருக்கும்?

பேய் பிடித்தவரின் சட்டையை இடுக்கியார் கையால் தொடமாட்டார். முழ நீள இரும்பு இடுக்கியால் காலரைக் கவ்வித் தூக்குவார். பேர் வந்தது அதனால்தான். "பேய் உடம்புல இல்ல, சட்டையில குடியிருக்கு" என்பது அவர் கண்டுபிடிப்பு. பேய் பிடித்தவரை உச்சி முதல் பாதம் வரை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டச் சொல்வார். சில நாள் வேலைக்குப் போகாமல் படுக்கச் சொல்வார். சட்டையைப் புகையில் காட்டி, மடித்து, சிவப்பு நூல் சுற்றித் திருப்பித் தருவார். ஒரே ஒரு கட்டளை: "இதைத் துவைக்கவே கூடாது. தண்ணி பட்டா மந்திரம் கரைஞ்சிடும்."

ஆள் எழுந்துவிடுவார். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். கொஞ்ச நாளில் பேய் திரும்பி வந்துவிடும். ஆளும் இடுக்கியாரிடம் திரும்பி வந்துவிடுவார். இப்படிப்பட்ட வியாபாரம் தெரியாமல் நான் வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுத் தொலைத்தேன்!

இந்தப் பேய்க்கு ஒரு தனி ரசனை உண்டு. ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலில் செடிப்பேனுக்கு மருந்து அடிப்பவர்களை மட்டுமே பிடிக்கும். கணக்குப்பிள்ளையைத் தொடாது. முதலாளியை ஏறிட்டும் பார்க்காது. பிடித்ததும் கண்ணீர், எச்சில், வியர்வை மூன்றும் போட்டி போட்டுக்கொண்டு கொட்டும். கருவிழிக்குள் இருக்கும் பாப்பா கடுகாய்ச் சுருங்கும். தோள் சதை தானாகத் துடிக்கும். மேலெல்லாம் பூண்டு நாற்றம். "பூண்டுப் பேய்" என்று இடுக்கியார் பெயர் சூட்டினார். முதலாளி மகிழ்ந்துபோய்க் கொட்டகைக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தார். பிடித்தது மருந்து என்றால் கையுறை கேட்பார்கள். பேய் என்றால் யாரிடம் போய் என்ன கேட்பது?

அந்தப் பேய் அங்கே மருந்தடிக்கும் என் மாப்பிள்ளையை இரண்டு முறை பிடித்தது. இரண்டாவது முறை மூச்சே திணறிவிட்டது. எப்படியோ பிழைத்தார், நடந்தால் கால் பின்னியது. "இன்னொரு தடவை வந்தா ஆள் தேறமாட்டான். மூணு நாள் அந்தச் சட்டையோட புகை அறையில உக்காரட்டும். பேயோட வேரையே புடுங்கிடுறேன்" என்றார் இடுக்கியார். மாப்பிள்ளையின் அம்மா, என் சம்பந்தியம்மா, அப்போதே கும்பிட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சம்மதித்துவிட்டார்.

என் மகள் சம்மதிக்கவில்லை.

"அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"பேய்க்கு ஊசி போடுவாங்களாடி?"

"போன மாசம் எனக்கும் கண்ணு கலங்கி வாந்தி வந்துச்சே. நான் அந்தக் குடில் பக்கமே போனதில்ல. இவர் சட்டையைத்தான் துவைச்சேன்."

"அதான் ஐயா துவைக்காதன்னாரு!"

மகள் மேற்கொண்டு வாதாடவில்லை. என் பழைய பனியன் ஒன்றைத் துவைத்துக் காயவைத்து, கத்தரிக்கோலால் வெட்டினாள். பிறகு குப்பைத்தொட்டி பக்கம் போய் ஈ பிடிக்க ஆரம்பித்தாள். பெற்றவனுக்கே கவலையாகிவிட்டது, இவளையும் கொட்டகைக்குக் கூட்டிப்போக வேண்டுமோ என்று.

மறுநாள் கொட்டகையில் எள் விழ இடமில்லை. சம்பந்தியம்மாவும் நானும் மாப்பிள்ளையைக் கூட்டிப்போய்ச் சுவரோரம் உட்காரவைத்தோம். மகள் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையோடு வந்தாள். கையில் மூடி போட்ட இரண்டு கண்ணாடி ஜாடிகளும், சிவப்பு நூல் சுற்றிய மாப்பிள்ளையின் சட்டையும்.

"ஐயா, இந்தச் சட்டையில இப்ப பேய் இருக்கா?"

"நான் ஓட்டின பிறகா? பச்சைக் குழந்தைக்குப் போர்த்தலாம்!"

சட்டையின் கையை வெட்டி ஒரு ஜாடியில் போட்டாள். என் பனியன் துண்டை இன்னொன்றில். இரண்டிலும் பிடித்து வைத்திருந்த ஈக்களை விட்டு மூடினாள். "உங்க பெருமையைச் சொல்லிட்டிருங்க ஐயா, நாங்க கேக்குறோம்" என்றாள்.

அதற்கு அவரிடம் பஞ்சமா? கடல் கடந்து ஓட்டிய பேய், கப்பலில் ஏறித் தப்பிய பேய் என்று நீட்டி முழக்கினார். கப்பல் கரை சேர்வதற்குள் சட்டை ஜாடியில் ஈக்கள் மல்லாந்துவிட்டன. கால்கள் வெடவெடவென்று உதறி, பிறகு அதுவும் நின்றது. பனியன் ஜாடியில் ஈக்கள் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தன. என் பனியன் ஆளைக் கொல்லும் என்று இத்தனை காலம் சொல்லி வந்த என் மனைவி எங்கே, கூப்பிடுங்கள்!

"ஈக்கும் பேய் பிடிக்குமா ஐயா?" வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அதெல்லாம் போன பிறவியில பாவம் பண்ணின ஈ!"

"அப்ப என் பனியன்ல உக்காந்திருக்கறது புண்ணியம் பண்ணின ஈயா?" என்றேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மகள் சிரிக்கவில்லை. மீதிச் சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தாள். "பச்சைக் குழந்தைக்குப் போர்த்தலாம்னீங்க. இவர் மூணு நாள் போடணும்னீங்க. நீங்க ஒரு நிமிஷம் போட்டுக் காட்டுங்க. அப்புறம் இவரை நானே புகை அறையில உக்காத்தி வெக்கிறேன்."

இடுக்கியார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். சுவர் வந்துவிட்டது. சட்டை முகத்துக்கு நேரே வந்தது.

"ஏய், கிட்ட கொண்டாராத! தோல்ல பட்டாலே உள்ள இறங்கும்! கையுறை இல்லாம தொடக்கூடாது! பட்ட துணியை உடனே கழட்டணும்! சோப்புப் போட்டு... உடனே டாக்டர்கிட்ட..."

வாயை மூடிக்கொண்டார்.

"இது எந்த மந்திரம் ஐயா?" என்று கேட்டார் சம்பந்தியம்மா, பரிதாபமாக.

மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "மந்திரம் இல்லம்மா. மருந்து டின்னுக்குப் பின்னால பொடி எழுத்துல போட்டிருக்கும். நாங்க யாரும் அதை மதிச்சதில்ல. இவர் அப்படியே ஒப்பிக்கிறாரு."

கூட்டம் நெருக்கியதில் இடுக்கியாரின் பூர்வாசிரமம் அப்போதுதான் அவர் வாயாலேயே வெளியே வந்தது. பேய் ஓட்டுவதற்கு முன் அதே மருந்தை விற்கும் கடையில் இருந்தாராம். அந்தப் பொடி எழுத்தை மதித்துப் படித்த ஒரே மனிதர், அதை யாருக்கும் சொல்லாமல் இடுக்கி வாங்கிக்கொண்டார்! பின்வாசல் வழியாக அவர் ஓடிய வேகத்தில் எந்தப் பேயும் ஓடி நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "நரம்பு தசைக்கு 'வேலை செய்'னு தகவல் அனுப்பும். வேலை முடிஞ்சதும் அந்தத் தகவலை அழிக்க உடம்புல ஒண்ணு இருக்கு. இந்த மருந்து அதைக் கட்டிப்போட்டுடும். பூச்சிக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான்" என்றார் டாக்டர். "இன்னொரு முறை அந்தச் சட்டையைப் போட்டிருந்தா நீங்க என்கிட்ட வந்திருக்கவே மாட்டீங்க."

சம்பந்தியம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

மருந்தடிப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து முதலாளியிடம் போனார்கள். கையுறையும் முகமூடியும் வந்தன. வேலை முடிந்ததும் குளிக்க இடமும், சட்டை துவைக்க ஆளும் வந்தாயிற்று. பூண்டுப் பேய் அதன்பின் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அதற்கும் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

பேய் உண்டா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுக்குப் பேயோட்டி வந்தால், அவர் எதைத் தொட மறுக்கிறார் என்று மட்டும் பாருங்கள். கடுகளவு மூளை உள்ள ஈ தன் உயிரைக் கொடுத்துச் சாட்சி சொல்லிவிட்டது. நமக்கு உயிரைக் கொடுக்கும் வேலை இல்லை. மூளையைக் கொஞ்சம் செலவு செய்தால் போதும், தேய்ந்தா போய்விடும்?